ஆப்டா, ஸ்னாப்பா, ஃபிளாட்பேக்கா? நீக்கும்போதுதான் தெரியும்

உபுண்டு லினக்ஸ் கணினி வைத்திருக்கும் அக்கா மகன் போன வாரம் இரவு பத்து மணிக்கு அழைத்தான். "மாமா, விஎல்சி வீடியோ பிளேயரை நீக்கிட்டேன். ஆனா மெனுவுல அப்படியே இருக்கு. கிளிக் பண்ணா திறக்கவும் செய்யுது." டெர்மினலில் என்னடா தட்டினாய் என்று கேட்டேன். சூடோ ஆப்ட் ரிமூவ் விஎல்சி. அதற்கு என்ன பதில் வந்தது? அதைப் படிக்கவில்லையாம். மறுபடி தட்டிப் படிக்கச் சொன்னேன். விஎல்சி என்ற பேக்கேஜ் (மென்பொருள் பொதி) நிறுவப்படவில்லை, ஆகவே நீக்கப்படவில்லை என்று ஒரு வரி; அதன் கீழே வரிசையாகச் சுழியங்கள். "விச் விஎல்சின்னு தட்டு" என்றேன். ஒரு நிரல் எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்று காட்டும் கட்டளை அது. ஸ்னாப் என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது.

விஷயம் அவ்வளவுதான். உபுண்டுவின் மென்பொருள் கடையான ஆப் சென்டரில் ஒரு பொத்தானை அழுத்தி அதைப் போட்டிருக்கிறான். ஆப்ட், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்பவை லினக்ஸில் மென்பொருளை நிறுவவும் நீக்கவும் இருக்கும் தனித்தனி வழிகள்; இது ஸ்னாப் வழியாக வந்து இறங்கியிருக்கிறது. ஆப்டுக்கு அப்படி ஒருவர் வீட்டுக்குள் வந்ததே தெரியாது. தெரியாதவரை வெளியே போகச் சொன்னால் அது என்ன செய்யும்?

ஒரு மென்பொருளை எந்த வழியில் நிறுவுவது என்று கேட்டால், எது எளிது, எதில் புதிய பதிப்பு வரும் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். நிறுவுவது இன்று எல்லா வழியிலும் ஒரு வரிதான். அதில் ஒப்பிடப் பெரிதாக ஒன்றுமில்லை. நீக்கும்போது கூடவே எதெது போகிறது, எது தங்கிவிடுகிறது, போட்டதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் இவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. அதனால் நான் பின்வாசலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேச்சு முழுக்க உபுண்டு, டெபியன் பற்றியது. மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான் என்பதால் ஆப்ட் பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும். கட்டளைகளை வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஆப்ட். டெபியனை இயன் மர்டாக் தொடங்கியது 1993இல். அதன் அடித்தளக் கருவி டிபிகேஜி. அது ஒரு பேக்கேஜை விரித்துப் போடும், நீக்கும். ஆனால் அந்தப் பேக்கேஜுக்கு வேறு எது தேவையோ அதைத் தேடிப் பிடித்து வராது. அந்த வேலைக்கு வந்ததுதான் ஆப்ட். 1999இல் வெளியான டெபியன் 2.1இல் அது இருந்தது. நெடுங்காலம் ஆப்ட்-கெட் என்று தட்டிக்கொண்டிருந்தோம். வெறும் ஆப்ட் என்ற கட்டளை 2014இல் வந்தது. மனிதர் தட்டுவதற்கு ஆப்ட், ஸ்கிரிப்டில் எழுதுவதற்கு ஆப்ட்-கெட் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஆப்டில் வெளியே அனுப்ப மூன்று சொற்கள் உண்டு. ரிமூவ் என்றால் நிரல் போகும், ஈடிசி என்ற அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும் அமைப்புக் கோப்புகள் தங்கும். பர்ஜ் என்றால் அவையும் போகும். ஆட்டோரிமூவ் என்றால், இந்த மென்பொருளுக்குத் துணையாக வந்து இப்போது யாருக்கும் வேண்டாதவையாக நிற்கும் சார்பு பேக்கேஜ்களைக் கிளப்பும். அப்பாச்சி இணையச் சேவையகத்தை ரிமூவ் மட்டும் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போட்டால், பழைய தளத்தின் அமைப்புகளோடு எழுந்து உட்காரும். சில நேரம் அது வரம், சில நேரம் மண்டை காயும். டிபிகேஜி மைனஸ் எல் என்று தட்டிப் பாருங்கள். முதல் நெடுவரிசையில் ஐஐ என்று இருப்பவை நிறுவப்பட்டவை. ஆர்சி என்று சில வரிகள் தென்பட்டால், அவை நீக்கப்பட்டும் அமைப்புக் கோப்பை விட்டுச் சென்றவை. மூன்று நான்கு வருடம் ஓடிய கணினியில் இவை ஒரு பக்கமாவது தேறும்.

இந்த மூன்றுமே தொடாத இடம் ஒன்று உண்டு: உங்கள் வீட்டு அடைவு. டாட் கான்ஃபிக், டாட் கேஷ் என்று புள்ளியில் தொடங்கும் மறை அடைவுகளில் ஒவ்வொரு மென்பொருளும் எழுதிவைத்ததை ஆப்ட் அழிக்காது. அது உங்கள் சொத்து, எனக்கு அதில் வேலையில்லை என்பது அதன் கொள்கை. சரியான கொள்கைதான். ஆனால் "பர்ஜ் செய்து திரும்பப் போட்டேன், அதே பிழை வருகிறது" என்று புலம்புபவர்களில் பாதிப்பேருக்குக் காரணம் அங்கேதான் படுத்திருக்கும்.

பர்ஜ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பட்டவன் என்பதால். பழகிப் பார்க்க வைத்திருந்த ஒரு கணினியில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் அமைப்புக் கோப்பை நானே கன்னாபின்னாவென்று திருத்தி, அது எழும்பாத நிலைக்குக் கொண்டு வந்திருந்தேன். சரி, பர்ஜ் செய்து புதிதாகப் போடலாம் என்று தட்டினேன். நடுவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரை வந்தது. தரவுத்தளங்களையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டது. கை பழக்கத்தில் டேப் தட்டி, யெஸ் மேல் என்டர் அடித்தது. பல மாதமாகச் சேர்த்த வட்டாரச் சொற்பட்டியல் ஒன்று அதில் இருந்தது. கணினி கேட்டுவிட்டுத்தான் செய்தது. குறை சொல்ல வழியில்லை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் பர்ஜ் என்பது வெறும் நீக்கம் அல்ல என்று இப்போது என் விரல்களுக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய அடி பட்டியலைப் படிக்காததால் வருவது. ரிமூவ் என்று தட்டியதும் ஆப்ட் உடனே வெட்டிவிடாது. இவையெல்லாம் நீக்கப்படும், வட்டில் இவ்வளவு இடம் கிடைக்கும் என்று காட்டிவிட்டு, 'ஒய்' அல்லது 'என்' என்று கேட்டு நிற்கும். ஒரு சின்னக் கருவியை நீக்கப் போகிறீர்கள், பட்டியலில் பத்து வரி ஓடுகிறது என்றால் அங்கேயே நில்லுங்கள். பைத்தானின் புதிய பதிப்பு வேண்டும், பழையதை எடுத்துவிடலாம் என்று உபுண்டுவில் பைத்தான்3ஐ நீக்கியவர்களின் கதை ஊரறிந்தது. டெஸ்க்டாப்பே அதன்மேல் சாய்ந்து நிற்கிறது. அடுத்த முறை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரு உள்நுழைவு வரி மட்டும். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போய் இதே பள்ளத்தில் விழுந்ததை உலகமே பார்த்தது. மென்பொருள்களை ஆப்ட் எடுத்து வரும் களஞ்சியத்தில் அப்போது இருந்த ஒரு சார்புச் சிக்கலால், ஸ்டீம் வேண்டுமானால் டெஸ்க்டாப்பை நீக்க வேண்டும் என்று ஆப்ட் முடிவு கட்டியது. 'ஆம், சொன்னதைச் செய்' என்று பொருள்படும் முழு வாக்கியத்தையும் தட்டினால்தான் செய்வேன் என்றது. அவரும் தட்டிவிட்டார். அடுத்து வந்த ஆப்ட் பதிப்புகளில், அத்தியாவசியப் பேக்கேஜை நீக்குவதை ஒரு தீர்வாகத் தானே முன்வைக்கும் வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். அவர் நிறுவத்தான் போனார், நீக்க அல்ல என்பதையும் கவனியுங்கள். இன்ஸ்டால் என்று தட்டினாலும் 'நீக்கப்படுபவை' என்ற தலைப்பு வருகிறதா என்று பார்ப்பது நல்லது. சந்தேகமாக இருந்தால் ஆப்டுடன் மைனஸ் எஸ் சேர்த்துத் தட்டுங்கள். செய்வதுபோல் காட்டும், எதையும் தொடாது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, என் முதல் தேர்வு ஆப்ட்தான் என்றால் விந்தையாக இருக்கலாம். காரணம், அது கணக்குப்பிள்ளை மாதிரி. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுடையது என்று டிபிகேஜியிடம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். வார் அடைவுக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் ஹிஸ்டரி என்ற கோப்பைத் திறந்தால், என்றைக்கு என்ன கட்டளை தட்டினீர்கள், அதனால் எதெது வந்தது, எதெது போனது என்று தேதியோடு இருக்கும். நேற்று தப்பாக நீக்கியதை அந்த வரியைப் பார்த்துத் திரும்பப் போட்டுவிடலாம். அதைக் கையால் செய்ய வேண்டியிருப்பது ஒன்றுதான் குறை. ஃபெடோரா லினக்ஸ்காரர்களைப் பார்த்து நான் பொறாமைப்படும் இடமும் இதுவே. அங்கே ஆப்டின் இடத்தில் இருப்பது டிஎன்எஃப்; டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ என்று எண்ணைச் சேர்த்துத் தட்டினால் அந்தப் பரிமாற்றம் அப்படியே பின்னால் திரும்புகிறது. நீக்கும்போதே வேண்டாத சார்புகளும் தாமாகப் போகின்றன. உபுண்டு 24.04இல் இருக்கும் ஆப்டுக்கு அந்த வித்தை தெரியாது.

ஆப்டின் உண்மையான பலவீனம் பதிப்பு. டெபியன் நிலையான வெளியீட்டில் ஒரு மென்பொருள் உறைந்துவிட்டால் அடுத்த வெளியீடு வரை பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத்திருத்தமும் மட்டுமே வரும். உபுண்டுவிலும் யூனிவர்ஸ் என்ற பகுதியில் இருப்பவற்றுக்கு முதன்மைப் பகுதிக்குக் கிடைக்கும் கவனிப்பு இல்லை. நம் விஎல்சி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. யூனிவர்ஸுக்கும் நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் உபுண்டு புரோவில் கணினியைச் சேர்க்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கு ஐந்து கணினி வரை இலவசம்.

புதிய பதிப்பு வேண்டும் என்ற ஆசையில்தான் மற்ற வழிகளுக்குப் போகிறோம். டெபியன் பேக்கேஜான டெப் கோப்பை இறக்கிப் போடுவது பழைய வழி. டிபிகேஜி மைனஸ் ஐ என்று தட்டினால் சார்பு இல்லை என்று பாதியில் நிற்கும். புள்ளி, சாய்கோடு, கோப்பின் பெயர் என்று ஆப்ட் இன்ஸ்டாலுக்கே கொடுங்கள், சார்புகளையும் அதுவே கொண்டு வரும். நீக்கமும் ஆப்ட் வழியே நடக்கும் என்பதால் கணக்கு கெடாது. ஆனால் டெப் கோப்புக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓடுகின்றன. சில டெப் கோப்புகள் தங்கள் களஞ்சிய முகவரியையும் உங்கள் பட்டியலில் எழுதிவிட்டுத்தான் அமர்கின்றன. விருந்தாளி வரும்போதே வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்துக்கொள்வது போல. தெரிந்த இடத்திலிருந்து வந்தால் சரி.

பிறர் நடத்தும் கூடுதல் களஞ்சியமான பிபிஏ இன்னும் வழுக்கல். ஒரு பிபிஏவைச் சேர்த்தபின் அதிலிருந்து மேம்பட்ட பதிப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் பிபிஏவை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்தால் முகவரிதான் போகும், வந்து உட்கார்ந்த பதிப்புகள் போகாது. புதுப்பிப்பு இல்லாமல் அநாதையாக நிற்கும். அவற்றைப் பழைய நிலைக்கு இறக்க பிபிஏ-பர்ஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. பிபிஏவை எடுக்கும் முன்பே அதை ஓட்ட வேண்டும். நான் இப்போது பிபிஏ பக்கம் போவதே அரிது.

ஸ்னாப்புக்கு வருவோம். 2016இல் உபுண்டு 16.04உடன் வந்தது. மென்பொருளும் அதன் பெரும்பாலான சார்புகளும் ஒரே கட்டாக, சுருக்கிய ஒரு கோப்பாக வந்து, வட்டில் தனித் தொகுதிபோல் ஏற்றப்படும். அதனால்தான் வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப் தட்டினால் லூப் லூப் என்று வரிசையாக நீள்கிறது. முதல் முறை திறக்க நேரமாவது இதற்கு நெடுநாளாக இருக்கும் கெட்ட பெயர். இப்போது குறைந்திருக்கிறது, போகவில்லை. இதன்மேல் இருக்கும் கோபத்துக்குப் பெரும் காரணம் வேறு. உபுண்டு 22.04இல் ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ் என்று தட்டினால் வருவது ஸ்னாப். குரோமியம் உலாவி அதற்கும் முன்பே, 19.10இலிருந்தே இப்படி. ஆப்டைக் கேட்டால் ஸ்னாப் வருவது பிடிக்காமல், 2020இல் லினக்ஸ் மின்ட் 20 ஸ்னாப் நுழைவதையே அடைத்து வைத்தது. வழி எதுவென்று தெரியாமல் ஒன்று வந்து இறங்குவதைத்தான் நானும் வெறுக்கிறேன். என் அக்கா மகன் மாட்டியது அதில்தானே.

ஆனால் நீக்கம் என்று பார்த்தால் ஸ்னாப் நியாயமாகவே நடந்துகொள்கிறது. ஸ்னாப் ரிமூவ் தட்டினால் முழுக் கட்டும் ஒரே கோப்பாகப் போய்விடும். கணினியில் வேறு எதன் காலையும் வாராது. போகும் முன் உங்கள் தரவை ஒரு பிரதி எடுத்து வைக்கிறது. 31 நாள் அது இருக்கும். ஸ்னாப் சேவ்ட் என்றால் பட்டியல் காட்டும், மனம் மாறினால் ரீஸ்டோர் செய்யலாம். பிரதியே வேண்டாம் என்றால் நீக்கும்போதே இரட்டை மைனஸோடு பர்ஜ் சேர்க்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் நான் யெஸ் அடித்த இரவில் இப்படி ஒன்று இருந்திருக்கலாம் என்று நினைக்காமல் இல்லை. புதுப்பித்தபின் பிடிக்கவில்லையென்றால் ரிவர்ட் தட்டி முந்தைய பதிப்புக்கும் போகலாம். அதற்கான விலை வட்டு இடம். பழைய பதிப்பையும் அது கட்டிக் காத்துக்கொண்டிருக்கும். 128 ஜிபி மடிக்கணினியில் இது உறைக்கும்.

ஃபிளாட்பேக் உபுண்டுவில் தானாக இருக்காது; ஆப்ட் வழியாக அதை நிறுவி, ஃபிளாட்ஹப் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும். முதல் மென்பொருளை இறக்கும்போது திகைத்துப் போவீர்கள். ஒரு சின்னக் குறிப்பேடு கேட்டால் நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும், ஏனென்றால் ரன்டைம் என்ற பொது அடித்தளமும் கூடவே வருகிறது. அடுத்தடுத்து வருபவை அதே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றே ஒன்றுக்காக ஃபிளாட்பேக் போடுவது வீண் என்று நான் சொல்வது இதனால்தான். ஐந்தாறு வரைகலை மென்பொருள் வேண்டுமென்றால் கட்டுப்படியாகும். நீக்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். அன்இன்ஸ்டால் என்று மட்டும் தட்டினால், வீட்டு அடைவில் டாட் வார், அதற்குள் ஆப் என்ற இடத்தில் உங்கள் தரவு தங்கும். டெலீட்-டேட்டா சேர்த்தால்தான் போகும். ரன்டைமும் தங்கலாம், அன்யூஸ்ட் சேர்த்துத் தனியே ஒருமுறை ஓட்ட வேண்டும். மூன்றாவது பெயர்: வெறும் விஎல்சி அல்ல, ஆர்க் புள்ளி வீடியோலேன் புள்ளி விஎல்சி என்ற நீளப் பெயர்தான் அதன் முழு அடையாளம். தட்டிப் பழகினால் சரியாகிவிடும், பழகும் வரை எரிச்சல். ஆனால் தரவெல்லாம் ஒரே இடத்தில், மென்பொருளின் பெயரிலேயே அடைவாக இருப்பது எனக்குப் பிடித்த ஒழுங்கு. ஆப்ட் வழி வந்தவை வீட்டு அடைவெங்கும் இறைத்து வைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆப்இமேஜ் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஒரே கோப்பு, இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும், அழித்தால் போச்சு. புதுப்பிப்பதும் உங்கள் தலையில்தான். புதிய உபுண்டுக்களில் ஃபியூஸ் 2 நூலகம் இல்லாமல் சில திறக்காது.

பிப் கதை வேறு. அது பைத்தானின் சொந்தக் கடை. கணினி நிர்வாகத்துக்கென்று வந்ததல்ல. சூடோ பிப் இன்ஸ்டால் என்று தட்டித்தட்டி, ஆப்ட் வைத்த பைத்தான் நூலகங்களின்மேல் பலரும் கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் எழுதினால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இந்தக் கதவு மூடப்பட்டது. இது வெளியே நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி பிப் மறுத்துவிடும். மீறிப் போக ஒரு விருப்பம் இருக்கிறது. அதன் பெயரே 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்பதுதான். இதைவிட நேர்மையாக யாரும் எச்சரிக்க முடியாது, ஆனாலும் அந்த வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். பிப் அன்இன்ஸ்டால் நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் எடுக்கும், கூட வந்த சார்புகளை விட்டுவிடும். அதனால் நூலகம் என்றால் வென்வ் என்ற தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் போடுங்கள். வேண்டாதபோது அந்த அடைவையே அழித்துவிடலாம். டெர்மினலில் ஓடும் கருவி என்றால் பிப்எக்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனி அறை கட்டித் தருகிறது, காலி செய்யும்போது அறையோடு போகும்.

மூலநிரலிலிருந்து கட்டுவது கடைசி. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று வரி. கோப்புகள் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் பரவிப் போய்விடும். யாரும் கணக்கு வைக்கவில்லை. மேக் அன்இன்ஸ்டால் சில மென்பொருளில் உண்டு, பலவற்றில் இல்லை. இருந்தாலும் நீங்கள் கட்டிய அந்த மூல அடைவு கையில் இருக்க வேண்டும், அதைத்தான் அன்றைக்கே அழித்திருப்பீர்கள். இதற்கு நான் செய்வது ஒன்றே: கான்ஃபிகர் கொடுக்கும்போதே பிரிஃபிக்ஸ் என்று என் வீட்டு அடைவுக்குள் ஒரு தனி இடத்தைக் காட்டிவிடுவேன். சூடோ வேண்டாம், பரவாது, வேண்டாம் என்றால் ஒரே அடைவை அழித்தால் முடிந்தது.

ஆக, என் வீட்டில் நடப்பது இது. சர்வர், டெர்மினல் கருவி, எழுத்துரு, தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ்-எம்17என், தமிழ் எழுத்துணரிக்கான டெசராக்ட் மொழிப்பொதி, இவை எல்லாம் ஆப்ட். கணினியின் உடம்போடு ஒட்டி வேலை செய்ய வேண்டியவற்றைப் பெட்டிக்குள் அடைப்பதில் பொருளில்லை. படம் வரைவது, காணொளி வெட்டுவது போன்ற, புதிய பதிப்பில் புதிய வசதி வரும் பெரிய மென்பொருள்கள் ஃபிளாட்பேக். ஸ்னாப்பை நான் தேடிப் போவதில்லை. ஒரு மென்பொருளை உருவாக்கியவர்களே அதை ஸ்னாப்பில்தான் வெளியிடுகிறார்கள் என்றால் தயங்குவதும் இல்லை. ஆப்ட் தவிர எந்த வழியில் எதைப் போட்டாலும் ஒரு உரைக்கோப்பில் தேதியும் நீக்கும் கட்டளையும் எழுதி வைக்கிறேன். நேரம் குறைவாக இருக்கும் வாசகருக்கு ஒன்று மட்டும் சொல்வதானால், எதையும் நீக்கும் முன் விச் தட்டி அது எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள், அதிலேயே பாதிக் குழப்பம் தீரும்.

அக்கா மகன் அன்றிரவே ஸ்னாப் ரிமூவ் தட்டி விஎல்சியை அனுப்பிவிட்டு, ஆப்ட் வழியாகத் திரும்பப் போட்டுக்கொண்டான். இந்த முறை ஒய் அடிக்கும் முன் பட்டியலைச் சத்தமாகப் படித்துக் காட்டினான், பத்தரை மணிக்கு, ஒவ்வொரு நூலகத்தின் பெயரையும். ஸ்னாப் எடுத்து வைத்த பிரதி 31 நாளில் தானே போய்விடும், விட்டுவிடு என்றேன். "அதெல்லாம் எதுக்கு மாமா" என்று ஸ்னாப் ஃபர்கெட் தட்டி அதையும் துடைத்துவிட்டுத்தான் போனை வைத்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்த காணொளிகளின் நினைவுக்குறிகள் அதில்தான் இருந்தனவாம்; மறுநாள் காலை மறுபடி அழைத்தான்.